வீட்டிலேயே செய்யும் அடுக்கு மெத்தை: எந்த ஸ்பாஞ்சில் பணத்தைப் போடுவது, எதில் குறைப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கடையில் விற்கும் குயீன் அளவு மெத்தையின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், ஸ்பாஞ்ச் கடையில் தனித்தனி ஷீட்டுகளாக வாங்கி அடுக்கி, உறை தைத்து, 20 செ.மீ. உயரத்தில் ஒரு மெத்தையை நீங்களே செய்துகொள்ள விரும்புகிறீர்கள். உங்கள் கணவர் 95 கிலோ எடையுள்ளவர், மல்லாந்து படுப்பவர். நீங்கள் 60 கிலோ, ஒருக்களித்துப் படுப்பவர். கடைக்காரர் அடியில் 10 செ.மீ. சிப் ஃபோம் (அரைத்த ஸ்பாஞ்ச் துண்டுகளை ஒட்டிச் செய்தது), நடுவில் 5 செ.மீ. 'ஹை டென்சிட்டி' ஸ்பாஞ்ச், மேலே 5 செ.மீ. மெமரி ஃபோம் (அழுத்தினால் குழிந்து மெல்ல எழும் ஸ்பாஞ்ச்) என்று ஒரு வரிசை சொல்லியிருக்கிறார். அது சரியா, செலவை எங்கே குறைக்கலாம் என்கிறீர்கள்.

வரிசையின் அடிப்பகுதி ஏற்கத்தக்கது; மேற்பகுதி டர்பனுக்கு ஏற்றதாக எனக்குப் படவில்லை. செலவைக் குறைக்க வேண்டுமானால் அடியடுக்கில் குறையுங்கள். உடம்பைத் தொடும் மேல் 10 செ.மீ.யில் குறைக்காதீர்கள். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பாரத்தைத் தாங்குவது அடிப்பகுதிதானே என்று எண்ணி, அதற்கு விலை உயர்ந்த ஸ்பாஞ்சை வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் காசில் மேலே ஏதோ ஒரு மலிவான மென்மையான ஷீட்டைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவர் படுக்கும்போது ஒவ்வோர் இரவும் மிக அதிகமாக அமுங்கி எழுவது மேலடுக்குதான். அது தன் உயரத்தில் பாதிக்கும் மேல் அமுங்கும். அடியிலிருக்கும் கடினமான ஸ்பாஞ்சுக்குப் பாரம் பரவிச் சேர்வதால் அது சிறிதளவே அமுங்கும். அதிகம் அமுங்குவதே முதலில் தேயும் என்பதால், இடுப்புப் பகுதியில் பள்ளம் விழும் மெத்தைகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மேலடுக்கு நைந்திருக்கும், அடித்தளம் நன்றாகவே இருக்கும்.

கடையில் காதில் விழும் 'ஹை டென்சிட்டி' என்ற சொல்லை அப்படியே நம்பிவிட வேண்டாம். அடர்த்தியும் கடினமும் இரண்டு வேறு அளவுகள். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சின் எடை. அதில் உண்மையான பொருள் எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதை அது காட்டுகிறது. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் அதுதான். கடினம் என்பது அழுத்தும்போது எவ்வளவு எதிர்க்கிறது என்பது. ஆய்வகத்தில் சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டால் ஸ்பாஞ்சை அதன் உயரத்தில் 40 விழுக்காடு அமுக்கத் தேவைப்படும் விசையை நியூட்டனில் குறிப்பார்கள். தயாரிக்கும்போது சேர்க்கும் வேதிப்பொருள்களின் விகிதத்தை மாற்றி, கன மீட்டருக்கு 18 கிலோ அடர்த்தியுள்ள ஸ்பாஞ்சைக்கூட கல் போல் கடினமாக்க முடியும். கடையில் கையால் அழுத்தினால் அது உறுதியாகத்தான் தெரியும். சில மாதங்களில் அதன் நுண்ணறைகளின் மெல்லிய சுவர்கள் உடைந்து தளர்ந்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் அடர்த்தி எத்தனை கிலோ, கடினம் எத்தனை நியூட்டன் என்று இரண்டு எண்களையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் மற்றதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்கர்கள் அடர்த்தியை ஒரு கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று எழுதுவார்கள். அதை 16ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான எண் கிடைக்கும். 1.8 என்று இருந்தால் ஏறத்தாழ 29 கிலோ. கடினத்தை இப்படி மாற்ற முடியாது. அவர்கள் 25 விழுக்காடு மட்டும் அமுக்கி பவுண்டில் சொல்வதால், வெறும் பெருக்கல் தவறான முடிவைத் தரும்.

கடைக்காரர் சொல்லும் அடர்த்தியைச் சரிபார்ப்பது எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 50, 50, 10 செ.மீ. உள்ள துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 30 கிலோ அடர்த்தியானால் 750 கிராம் இருக்க வேண்டும்; 500 கிராம்தான் இருக்கிறதென்றால் அது 20 கிலோ ஸ்பாஞ்ச். முழு ஷீட்டையும் இப்படியே கணக்கிடலாம்: குயீன் அளவான 152க்கு 188 செ.மீ.யில் 10 செ.மீ. உயரமுள்ள 30 கிலோ ஸ்பாஞ்ச் ஏறத்தாழ எட்டரைக் கிலோ எடை இருக்கும். எடை மட்டும் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. சில மலிவு ஸ்பாஞ்சுகளில் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகளைச் சேர்த்து எடையைக் கூட்டுவார்கள். எடை ஏறும், உழைப்பு ஏறாது. அதனால் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டை அரை மீட்டர் உயரத்திலிருந்து ஸ்பாஞ்சின்மேல் போட்டுப் பாருங்கள். நல்ல எச்.ஆர். ஸ்பாஞ்சில், அதாவது அதிக மீள்திறன் கொண்டதில், குண்டு விழுந்த உயரத்தில் பாதிக்கு மேல் எழும். சாதாரண ஸ்பாஞ்சில் பாதியை எட்டாது. மெமரி ஃபோமில் கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்துவிடும். ஆய்வகங்களில் இதையே எஃகுக் குண்டால் செய்கிறார்கள். எச்.ஆர். என்று சொல்லி விற்கும் ஷீட்டில் குண்டு மூன்றில் ஒரு பங்குகூட எழவில்லையென்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

எச்.ஆர். ஸ்பாஞ்சை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அதன் துள்ளல் மட்டுமன்று. 65 விழுக்காடு அமுக்கத் தேவையான விசையை 25 விழுக்காடு அமுக்கத் தேவையான விசையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொதுவாகத் தாங்கு விகிதம் எனலாம். சாதாரண ஸ்பாஞ்சில் அது ஏறத்தாழ 2, நல்ல எச்.ஆர். ஸ்பாஞ்சில் 2.4க்கு மேல். தொடும்போது மென்மையாக இருந்து, ஆழமாக அமுங்க அமுங்க எதிர்ப்பு கூடுகிறது என்பது இதன் பொருள். இரண்டு வேறு எடையுள்ளவர்கள் ஒரே மெத்தையில் படுக்கும் வீட்டில் இந்தக் குணம்தான் தேவை: 60 கிலோ உள்ள உங்களுக்குத் தோளும் இடுப்பும் மெதுவாக இறங்கும், 95 கிலோ உள்ளவரின் இடுப்பு ஓர் எல்லைக்குமேல் இறங்காமல் தாங்கப்படும்.

மெமரி ஃபோம் 1966இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, விமான இருக்கைகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட பொருள். அதன் மென்மை வெப்பநிலையைப் பொறுத்து மாறும். டர்பனில் பிப்ரவரி மாத இரவுகளில் உடல் சூட்டோடு அறைச் சூடும் சேர்ந்து அது அதிகமாக இளகி, உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, வியர்வையைப் பிடித்து வைக்கும். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவிலோ பிரிட்டோரியாவை அடுத்த லாடியத்திலோ குளிர்காலமான ஜூலை மாதத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது, படுத்த முதல் பத்து நிமிடம் பலகை போல் இருக்கும். முதுகு நோய் உள்ள சிலருக்கு அதன் ஒட்டும் தன்மை ஆறுதலாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பணத்தில், உங்கள் ஊரில், அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது. விலை குறைந்த மெமரி ஃபோமின் அடர்த்தி பெரும்பாலும் 40 கிலோவையொட்டியே இருக்கும். குறைந்தது 50 கிலோ இல்லாத மெமரி ஃபோமுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. மேலே போடாமல் எச்.ஆர். அடுக்குக்கும் அடித்தளத்துக்கும் நடுவே போட்டால் வெப்பத் தொல்லை குறையும்.

இயற்கை லேட்டக்ஸ் இதைவிடப் பல வகையிலும் உயர்ந்தது: ரப்பர் மரத்துப் பாலிலிருந்து செய்யப்படுவது, மீள்திறன் அதிகம், ஆண்டுகள் பல உழைக்கும், காற்றோட்டமும் உண்டு. விலைதான் பெரிய தடை. எடையும் கொஞ்சம் தடை: 75 கிலோ அடர்த்தியில் குயீன் அளவில் 5 செ.மீ. ஷீட் ஒன்று பத்தரைக் கிலோவுக்கும் அதிகம் இருக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்த்துவிட வேண்டும். வெயில் நேரடியாகப் பட்டால் நொறுங்கும் என்பதால் எப்போதும் உறைக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு எச்.ஆர். ஸ்பாஞ்சே போதும். அடுக்கு மெத்தையின் பெரிய நன்மையே, ஐந்தாறு ஆண்டு கழித்துக் கையில் பணம் சேரும்போது மேலடுக்கை மட்டும் எடுத்துவிட்டு லேட்டக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான்.

சிப் ஃபோமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் செலவு குறையப்போவது இங்கேதான். வெட்டியதில் மிஞ்சிய ஸ்பாஞ்ச் துண்டுகளை அரைத்து, பசை கலந்து, அழுத்தி, நீராவியில் இறுக வைத்துச் செய்வதே இந்தப் பல நிற ஸ்பாஞ்ச். கடினமானது, மலிவானது, எளிதில் பள்ளம் விழாதது. தடித்தவர்களுக்கு அடித்தளமாகத் தாராளமாகப் பயன்படும். குறை இரண்டு. முதலாவது எடை: 100 கிலோ அடர்த்தியுள்ள சிப் ஃபோம் 10 செ.மீ. உயரத்தில் குயீன் அளவுக்கு 28 கிலோவைத் தாண்டும். படுக்கை விரிப்பை மாற்றும்போதும், அடியில் காற்றுப்பட நிமிர்த்தி வைக்கும்போதும் அந்தப் பாரம் தெரியும். இரண்டாவது, தரம் ஒரே சீராக இராது. வாங்குவதற்கு முன் ஓரத்தை விரலால் கிள்ளிப் பாருங்கள். துண்டுகள் எளிதாக உதிர்ந்தால் பசை போதாதது என்று பொருள். 10 செ.மீ. முழுவதையும் சிப் ஃபோமாகப் போடாமல், 5 செ.மீ. சிப் ஃபோமும் அதன்மேல் 28 முதல் 30 கிலோ அடர்த்தியுள்ள கடினமான சாதாரண ஸ்பாஞ்ச் 5 செ.மீ.யும் போட்டால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், மெத்தை கட்டாந்தரை போலவும் இராது. இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டுமானால், அடித்தளத்தை இரண்டு மூன்று வெட்டுத் துண்டுகளாக வாங்கி ஒட்டலாம். ஒட்டும் கோடு இடுப்புக்கு நேர் கீழே வராமல் முழங்காலுக்குக் கீழே வரும்படி வைத்தால் போதும். முழு ஷீட்டைவிடத் துண்டுகளை விலை குறைத்துத் தரும் கடைகள் உண்டு. பழைய ஸ்பாஞ்ச் மெத்தை ஒன்று வீட்டில் கிடந்தால், உறையைப் பிரித்து அதன் அடித்தளத்தைப் பாருங்கள். நீளமான நேர்க்கோல் ஒன்றைக் குறுக்கே வைத்து இடைவெளி ஒரு செ.மீ.க்குள் இருந்தால், கறையும் பூஞ்சையும் இல்லாவிட்டால், அதையே மீண்டும் பயன்படுத்தலாம். யாருடையது என்று தெரியாத மெத்தையிலிருந்து எடுக்க வேண்டாம். மூட்டைப்பூச்சி அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது.

முட்டைத் தட்டு வடிவில் மேடு பள்ளமாக வெட்டிய ஸ்பாஞ்சைக் கடைக்காரர் மேலடுக்காகக் காட்டக்கூடும். மேட்டின் உயரத்தை அளந்து 5 செ.மீ. என்பார்கள், உள்ளே கணிசமான பங்கு வெறும் காற்றே. பார்சல்களில் வரும் வெள்ளைப் பாலிஎத்திலீன் நுரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் படுக்கைக்குப் பயன்படாது.

இனி உங்களுக்கான அடுக்கு. அடியில் மேலே சொன்ன 10 செ.மீ., அதாவது 5 சிப் ஃபோம், 5 கடினமான சாதாரண ஸ்பாஞ்ச். அதன்மேல் 5 செ.மீ. எச்.ஆர். ஸ்பாஞ்ச், 35 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியில், நடுத்தரக் கடினத்தில், சுமார் 120 முதல் 150 நியூட்டன். அதன்மேல் இன்னொரு 5 செ.மீ. எச்.ஆர்., அதே அடர்த்தியில், கொஞ்சம் மென்மையாக, சுமார் 90 முதல் 110 நியூட்டன். எடை வேறுபாடு 35 கிலோ என்பதால் நடு அடுக்கை இரண்டாகப் பிரிப்பது நல்லது: 76 செ.மீ. அகலத்தில் இரண்டு பாதிகள், உங்கள் பக்கத்துக்கு 120 நியூட்டன், அவர் பக்கத்துக்கு 150. மேலே ஒரே ஷீட்டாக 5 செ.மீ. வருவதால் நடுக்கோடு முதுகில் தட்டுப்படாது. கடைகளில் விற்கும் ஆயத்த மெத்தையில் இந்த வசதியைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை மூச்சை அடைக்கும். கையிலிருக்கும் தொகையை நான் பங்கிடுவதானால் ஏறத்தாழ பாதியை மேல் இரண்டு அடுக்குகளுக்கும், மூன்றில் ஒரு பங்கை அடித்தளத்துக்கும், எஞ்சியதை உறைக்கும் ஒதுக்குவேன். அதற்கும் இடமில்லையென்றால் மேலடுக்கின் தரத்தைக் குறைக்காமல் உயரத்தைக் குறையுங்கள்: 10 செ.மீ. அடித்தளமும் 5 செ.மீ. எச்.ஆர். ஸ்பாஞ்சும் போட்டு 15 செ.மீ.யில் தொடங்கலாம். மல்லாந்து படுக்கும் உங்கள் கணவருக்கு அது போதுமானதாக இருக்கும். ஒருக்களித்துப் படுக்கும் உங்களுக்குத் தோளில் அழுத்தம் தெரிந்தால் அடுத்த 5 செ.மீ. யாருக்காக என்பது தெளிவாகிவிடும்.

எதையும் ஒட்டுவதற்கு முன்பு ஷீட்டுகளை வெறுமனே அடுக்கி, மேலே ஒரு விரிப்பை இறுக்கிக் கட்டி, பத்து நாளாவது படுத்துப் பாருங்கள். கடினமான அடுக்கையும் நடுத்தர அடுக்கையும் இடம் மாற்றினாலே மெத்தையின் குணம் வேறாகும். ஒட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். உண்மையில் இறுக்கமான உறை இருந்தால் பசையே தேவையில்லை. துண்டு துண்டாக வாங்கிய அடித்தளத்தை மட்டும் தண்ணீர் அடிப்படையிலான பசையால், ஓரங்களில் மட்டும், ஒட்டுங்கள். முழுப் பரப்பிலும் பசை பூசினால் அது காய்ந்து கடினமான படலமாகிக் காற்றையும் தடுக்கும்.

உறை விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. நீளாத பருத்தித் துணியில் இறுக்கமாகத் தைத்தால், மென்மையான ஸ்பாஞ்சுக்கு மேலே ஒரு முரசுத்தோல் கட்டியது போலாகி, எச்.ஆர். ஸ்பாஞ்சுக்குக் கொடுத்த பணத்தின் பலன் பாதி மறைந்துவிடும். பக்கங்களுக்குத் தடித்த பருத்தித் துணி, மேற்பரப்புக்கு நீளும் பின்னல் துணி என்று வைத்து, மூன்று பக்கம் ஜிப் போடுங்கள். ஸ்பாஞ்சை உறையின் அளவைவிட ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டினால் மூலைகள் சுருங்காமல் நிரம்பி நிற்கும். வெட்டுவதற்கு ரொட்டி அறுக்கும் பற்களுள்ள நீண்ட கத்தியே போதும். அழுத்தாமல், கோட்டின்மேல் நீளமாக இழுத்து, இரண்டு மூன்று முறையில் வெட்ட வேண்டும். புது ஸ்பாஞ்சின் வாடை போக இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம்; வெயில் பட்டால் இந்த ஸ்பாஞ்சுகளின் மூலப்பொருளான பாலியூரித்தேன் மஞ்சளித்து மேற்பரப்பு பொடியும்.

டர்பனில் ஸ்பாஞ்சைக் கெடுப்பது தேய்மானத்தைவிட ஈரம்தான். வியர்வையின் நீராவி மெத்தை வழியே கீழே இறங்கி, குளிர்ந்த பரப்பில் தங்கிவிடும். பின்கட்டு அறையின் கான்கிரீட் தரையில் நேராகப் போட்டால் ஒரு மழைக்காலத்திலேயே அடியில் கரும்பூஞ்சை படியும். மரச் சட்டங்கள் வைத்த கட்டில்தான் நல்லது. சட்டங்களுக்கிடையே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஸ்பாஞ்ச் அதில் இறங்கத் தொடங்கும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெட் பேஸின் மேற்பரப்பு மூடிய பலகையாக இருந்தால், அதில் இங்கும் அங்குமாகத் துளைகள் போடுங்கள். வாரத்துக்கொரு முறை விரிப்புகளை எடுத்துவிட்டு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் ஸ்பாஞ்ச் வழக்கத்தைவிடச் சற்று மென்மையாகத் தோன்றுவது இயல்பு. அதைத் தேய்மானம் என்று எண்ண வேண்டாம். வெள்ளத்தில் முழுவதும் நனைந்த ஸ்பாஞ்சை மட்டும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மேற்பரப்பு காய்ந்தாலும் நடுவில் ஈரமும் அழுக்கும் தங்கியிருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் எளிதில் தீப்பற்றும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கரும்புகை சில நிமிடங்களில் அறையை நிரப்பும். கடையில் வாங்கும் மெத்தையில் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்டிருக்கக் கூடிய அடுக்கு நீங்கள் தைக்கும் உறையில் இராது. சாமி விளக்கும் கற்பூரத் தட்டும் படுக்கை அறையில் இருக்குமானால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். படுக்கையில் புகைபிடிக்கும் பழக்கமும் பாரஃபின் ஹீட்டரும் அந்த அறையில் இருக்கவே கூடாது.

ஷீட்டுகளை ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் எச்.ஆர். ஷீட் ஒன்றை வாங்கி, இப்போது படுக்கும் பழைய மெத்தையின்மேல் போட்டுப் படுத்துப் பாருங்கள். எந்தக் கடினம் உங்கள் இருவருக்கும் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு நடு அடுக்கையும், கடைசியாக அடித்தளத்தையும் வாங்கலாம். மாதம் ஒரு முறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பி வையுங்கள். மேலடுக்கை மட்டும் ஆறு மாதத்துக்கொரு முறை கவிழ்த்துப் போடுங்கள். இடுப்பு படும் இடத்தில் உயரம் ஒன்றரை செ.மீ.க்கு மேல் குறைந்து, இரண்டு நாள் யாரும் படுக்காமல் விட்ட பிறகும் எழவில்லையானால், அந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றினால் போதும்.